அத்தானின் நீலம்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டுமென்றால் நான் அந்த நாலு வார்த்தையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது, அக்காவை அதட்டிக் கூப்பிட்டுக்கூட நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு மனிதர் கெட்டவராக இல்லாமலே சுற்றியிருப்பவர்கள் உயிரை எடுக்க முடியும் என்பதை, அவர் வீட்டில் தங்கி மேல்படிப்பு படித்த காலத்தில் கண்ணாரக் கண்டேன்.

அத்தான் நான் படித்த அதே கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறவர். சொல்லிக்கொடுக்கிறவர் என்பது மரியாதைக்கு. அவர் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆறு எங்கே உற்பத்தியாகிறது, எங்கே கடலில் சேருகிறது என்பதெல்லாம் தெரியாது. ஆனால் வரைபடத்தில் ஆற்றுக்கு எந்த நீலம், ஏரிக்கு எந்த நீலம், கடலுக்கு எந்த நீலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தப்பான நீலத்தில் கடலை வரைந்த ஒரு பெண்ணை வெளியே நிற்க வைத்திருக்கிறார். அதனால் அவருக்கு ‘நீலம் சார்’ என்று பெயர். அந்தப் பெயர் கிண்டல் என்று அவருக்கு இன்னும் தெரியாது. பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டிலும் அதே கூத்துதான். சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சீட்டு அச்சடித்து ஒட்டினார். எழுத்து மெல்லிசாக, சின்னதாக, ‘நாகரிகமாக’ இருக்க வேண்டுமாம். விளைவு, ஒரு நாள் அக்கா தேநீரில் உப்பைப் போட்டு விருந்தாளிக்குக் கொடுத்தாள். ஹாலில் இருக்கும் ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே ‘விளக்கு’, ‘மின்விசிறி’ என்று தலைப்பு. வீட்டில் இருப்பதே மூன்று பேர், ஏதோ வெளியூர்க்காரர்கள் வந்து சுவிட்சைத் தேடப்போவது போல. பால்கனியில் வாஷிங் மெஷின் வந்தபோது அதோடு கொடுத்த குறிப்புப் புத்தகத்தின் வடிவம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து அதை வரிக்கு வரி கணினியில் தட்டி, தலைப்பு, துணைத் தலைப்பு, ஓரம் எல்லாம் வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் மாட்டினார். அக்கா அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மெஷினில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பட்டன்.

“பாக்க எவ்வளவு லட்சணமா இருக்கு பாரு,” என்பார் அத்தான்.

“துணி வெளுத்தா சரிங்க,” என்பாள் அக்கா.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் வாழ்க்கையின் மிக முக்கியமான எட்டுப் பக்கங்கள் மாட்டிக்கொண்டன.

பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் மாணவர்களுக்கென்று ஓர் ஆய்விதழ் நடத்துகிறார்கள் என்று எங்கள் முதல்வருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தூக்கம் போய்விட்டது. உடனே நாமும் ஒன்று கொண்டுவர வேண்டும், முறையாகப் பதிவு எண் வாங்க வேண்டும், அந்த ஆண்டுக்குள் முதல் இதழ் வர வேண்டும் என்று உத்தரவு. மாணவர்களிடமிருந்து கட்டுரைகள் கேட்டார்கள். பேராசிரியர்கள் மூன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று என்னுடையது.

ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற பெண்கள் விடியற்காலைப் பேருந்துக்காகக் காத்திருப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். முதல் பேருந்து எப்போதும் நேரத்துக்கு வராது. அது வராவிட்டால் அவர்கள் வேலைக்குப் பிந்திப் போவார்கள். பிந்திப் போனால் மேஸ்திரி உள்ளே விட மாட்டார். அவர்கள் தூங்குமூஞ்சிகள் என்று மேஸ்திரி சொன்னார். பேருந்து சரியாகத்தான் ஓடுகிறது என்று போக்குவரத்து அலுவலகம் சொன்னது. நான் ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த நிறுத்தத்தில் அவர்களோடு நின்று, பேருந்து வந்த நேரத்தைக் குறித்து, யார் சொல்வது பொய் என்று அட்டவணை போட்டுக் காட்டினேன். நான் செய்ததில் நான் பெருமைப்படுகிற ஒரே காரியம் அது.

பெருமை ஒருபுறம் இருக்கட்டும். வேறு ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி இடத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத்துக்குப் போகிறவர் பெயரில் பதிவு எண் உள்ள ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. வேறு இதழ்களுக்கு அனுப்பினால் வருஷக்கணக்கில் பதில் வராது. எங்கள் இதழோ, கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களின் கட்டுரையை மட்டும்தான் போடும். எனக்கு அது கடைசிப் பருவம். அந்த இதழில் வந்தால் ஆராய்ச்சி. வராவிட்டால் அக்கா வீட்டு ஹாலில் மடக்குக் கட்டிலும், எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் உறவுக்காரர்களும். எனக்கு அந்த இதழ் உயிர்.

இதழ் வெளியாவதற்கு முன்னால் அதற்கு ஒரு முகம் வேண்டும் என்று அத்தான் முதல்வரிடம் போய்ச் சொன்னார். முகம் என்றால் லோகோ, அட்டை, நிறம், எழுத்துரு, பக்க அமைப்பு. முதல்வருக்கு இதெல்லாம் புரியாது. புரியாதவற்றுக்கு அவர் குழு போடுவார். ‘காட்சி அடையாளக் குழு’ பிறந்தது. தலைவர் துணை முதல்வர். உறுப்பினர்கள் வணிகவியல் துறைத் தலைவர், நூலகர், அப்புறம் உடற்கல்வி ஆசிரியர். அவர் எதற்கு என்று கேட்டால், மைதானத்தில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் அவர் சும்மா இருந்தார், அதற்கு. ஒருங்கிணைப்பாளர் அத்தான். அன்று அவர் வீட்டுக்கு வந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். கால் தரையில் பாவவில்லை.

முதலில் லோகோ. வணிகவியல்காரர் மேல்நோக்கிப் போகும் ஓர் அம்புக்குறி வேண்டும் என்றார். அறிவுக்கு அம்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. உடற்கல்வி ஆசிரியர் கையில் தீப்பந்தம் பிடித்து ஓடும் ஆளைக் கேட்டார். திறந்த புத்தகம் வைக்கலாம் என்று துணை முதல்வர் சொன்னபோது நூலகர் கொதித்துப்போனார். திறந்து வைத்தால் புத்தகத்தில் தூசி விழும், மூடிய புத்தகம்தான் வேண்டுமாம். கடைசியில் மூடிய புத்தகத்தின் மேல் ஓர் ஆள் தீப்பந்தத்தோடு ஓட, அவன் ஓடும் பாதை அம்புக்குறியாக வளைந்து மேலே போனது. பார்ப்பதற்கு, நூலகத்துக்குத் தீ வைத்துவிட்டு ஒருவன் தப்பி ஓடுவது போல இருந்தது. எல்லோருக்கும் பரம திருப்தி.

அடுத்தது நிறம். நீலம் என்பதில் சந்தேகமே இல்லை. எந்த நீலம் என்பதில்தான் மாதங்கள் ஓடின. அத்தான் விதவிதமான நீலத் தாள்களை வெட்டி ஹால் சுவர் முழுக்க ஒட்டினார். நான் அதற்குக் கீழேதான் படுத்திருந்தேன். காலையில் கண் விழித்தால் மழைக்கு ஒழுகிய சுவர் மாதிரி மேலே நீலம் நீலமாகத் தெரியும். வெயிலில் ஒரு முறை, குழல் விளக்கில் ஒரு முறை, ஜன்னலை மூடி ஒரு முறை என்று பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“இது கொஞ்சம் சோகமான நீலம். இது அதிகாரம் பண்ற நீலம். இது... இதுல ஒரு நேர்மை இருக்கு, கவனிச்சியா?” என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா ஈரக் கையோடு வந்து நின்று பார்த்தாள். “எல்லாம் நீலந்தாங்க,” என்றாள்.

“உனக்குப் போய்க் காட்டினேன் பாரு,” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த நீலம் இருக்கிறதே, அது முடிவாகிற நேரத்தில் எங்கள் பருவத் தேர்வு அட்டவணையே ஒட்டிவிட்டார்கள். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தேன்.

“அத்தான், கட்டுரைய யாராவது படிச்சீங்களா?”

“அதெல்லாம் கடைசி வேலைம்மா. முதல்ல வீடு. அப்புறந்தான் அதுல குடி போறது.”

“எனக்கு நேர்முகத்துக்கு முன்னாடி வந்தாகணும் அத்தான். இல்லன்னா இந்த வருஷம் போச்சு.”

“வந்துரும், வந்துரும். நீ நம்ம வீட்டுப் பொண்ணு. உனக்காக அவசரப்படுத்தினேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிடக் கூடாது பாரு.”

சொந்தக்காரருக்குச் சலுகை காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சொந்தம் என்பதற்காகவே காரியத்தைக் கெடுக்கிற யோக்கியரை அன்றுதான் பார்த்தேன். அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

இதற்கு நடுவில் அத்தான் ஒரு புது வித்தை கற்றுக்கொண்டு வந்தார். எந்த வீடியோவில் பார்த்தாரோ தெரியாது. ஒரு பக்கத்தின் அழகு தெரிய வேண்டுமானால் அதைப் படிக்கவே கூடாதாம். படித்தால் கண் எழுத்துக்கு அடிமையாகிவிடுமாம். பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, தள்ளி நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். அப்போது எழுத்துகள் எல்லாம் மறைந்து, கறுப்பாகப் பத்திகளும் வெள்ளையாக இடைவெளியும் மட்டும் தெரியும். அதுதான் வடிவம். வித்தை என்னவோ நிஜமான வித்தைதானாம், கைதேர்ந்தவர்களும் செய்வார்களாம். அவர்கள் அதன் பிறகு பக்கத்தை நேராகத் திருப்பி ஒரு தடவை படிக்கவும் செய்வார்கள் என்பதை அத்தான் பார்த்த வீடியோ சொல்லவில்லை போலிருக்கிறது.

குழுவுக்கு இந்த வித்தை ஒரேயடியாகப் பிடித்துப்போய்விட்டது. பிடிக்காமல் என்ன? படிக்க வேண்டாம் என்று முறைப்படி அனுமதி கிடைத்த குழு உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். துணை முதல்வர் அறையில் நீள மேசையில் பக்கங்களைத் தலைகீழாகப் பரப்பி, ஐந்து பெரிய மனிதர்கள் ஜன்னலோரமாகப் பின்வாங்கி நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்ப்பார்கள். தேநீர் கொண்டுபோன கேன்டீன்காரர் பயந்துபோய்த் திரும்பி வந்துவிட்டார் என்று கல்லூரியே சிரித்தது. இதில் கெட்டிக்காரர் உடற்கல்வி ஆசிரியர்தான். அவரால் ஒரு கண்ணை மட்டும் தனியாக இடுக்க முடியும்.

மாதிரி இதழ் ஒன்றைச் செய்து குழுவிடம் காட்ட வேண்டியிருந்தது. அதன் பக்கங்களை நிரப்ப ஏதாவது எழுத்து வேண்டும். எங்கள் கட்டுரைகள் அப்போது அத்தானின் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், எண்ணெய்க் கறையோடு கிடந்தன. தலைப்பையும் எங்கள் பெயர்களையும் மட்டும் எடுத்துப் பக்கங்களின் உச்சியில் வைத்துவிட்டு, கீழே, தன் கணினியில் தயாராக இருந்த வாஷிங் மெஷின் குறிப்பை எடுத்து ஊற்றிவிட்டார். போதாத இடத்தில் அதையே மறுபடியும் ஊற்றினார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். மாதிரிக்கு என்ன எழுத்து இருந்தால் என்ன, அதில் தப்பில்லை என்று நானே ஒப்புக்கொள்வேன். தப்பு அதற்கு அப்புறம் வருகிறது.

எங்கள் கட்டுரைகளையும் ஒரு வழியாக வெளியே கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கி, இன்னொரு கோப்பில், அதே அமைப்பில் போட்டுப் பார்த்தார். என் கட்டுரையைப் போட்டபோது என்னைக் கூப்பிட்டார்.

“இந்த அட்டவணை கண்ண உறுத்துதும்மா. எடுத்துரலாமா?”

“அத்தான், அந்த அட்டவணைதான் கட்டுரையே.”

“அப்ப கட்டுரைதான் கண்ண உறுத்துது,” என்றார் சர்வசாதாரணமாக.

என் வாயில் வந்ததை அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அட்டவணையை எடுக்கக் கூடாது என்று மட்டும் அழுத்திச் சொன்னேன். எடுக்கவில்லை. அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர்தான்.

கடைசிக் கூட்டம் முடிந்த அன்று அத்தான் வீட்டுக்குள் நுழையும்போதே முகமெல்லாம் பல். “ரெண்டு வடிவம் வெச்சேன். இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு. எது அழகுன்னு கேட்டேன். நாலு பேரும் ஒரே குரலா இடப்பக்கத்தக் காட்டினாங்க. குழுவுல ஒத்த கருத்து வந்தது இதுதான் முதல் தடவை!” என்றார். அன்றே அச்சகத்துக்கு அனுப்பியாகிவிட்டதாம். நேர்முகத்துக்கு முன்னால் கைக்கு வந்துவிடுமாம். நான் சந்தோஷத்தில் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மாதிரியையும் நிஜத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது அழகு என்று கேட்கும் அளவுக்கு ஒரு மனிதன் போவான் என்று யாருக்குத் தோன்றும்?

வெளியீட்டு விழாவுக்குக் கல்லூரி அரங்கம் நிறைந்திருந்தது. நாற்காலிக்கு நாற்காலி அந்த நேர்மையான நீலத்தில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். இதழைக் கையில் வாங்கி, அட்டையைத் தடவினார், முகர்ந்தார், விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். திறக்கவில்லை. திறக்காமலே அரை மணி நேரம் பேசினார். நம் நாட்டு இளைஞர்களின் சிந்தனைக்கு இந்த இதழ் ஒரு சாட்சி என்றார். மேடையோரத்தில் அத்தான் கையைக் கட்டிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி நெளிந்துகொண்டிருந்தார்.

எனக்குக் கொடுத்த பிரதியில் என் பக்கத்தைத் திருப்பினேன். என் தலைப்பு. என் பெயர். என் பெயரை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்குக் கீழே இப்படி ஆரம்பித்தது: ‘துணிகளை உள்ளே இடுவதற்கு முன் எல்லாப் பைகளையும் காலி செய்யவும். நாணயங்கள், கொண்டை ஊசிகள் போன்றவை தொட்டியைச் சேதப்படுத்தலாம்.’

ஏதோ பக்கம் மாறிவிட்டது என்று புரட்டினேன். அடுத்த பக்கம் மூடியைத் திறக்கும் முறை. அதற்கடுத்தது தண்ணீர்க் குழாய் இணைப்பு. மற்ற இரண்டு கட்டுரைகளையும் பார்த்தேன். பண்டைக்கால நாணயங்களைப் பற்றிய ஆய்விலும் சோப்புத்தூள் அளவு. உப்பளத் தொழிலைப் பற்றிய ஆய்விலும் சோப்புத்தூள் அளவு. அரங்கத்தில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

விழா முடிந்ததும் ஓடிப்போய் அத்தானிடம் பக்கத்தைக் காட்டினேன். பழக்கதோஷத்தில் தலைகீழாகத் திருப்பப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். படித்தார். முகம் வெளுத்துப்போனது. திருதிருவென்று விழித்தார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “வீட்டுல பேசிக்கலாம்,” என்றார்.

வீட்டில் பேசினோம். பேசினோம் என்றால் நான் கத்தினேன்.

“எப்படி அத்தான் தெரியாமப் போச்சு? நீங்களே தட்டினதுதானே அது?”

“நான் எழுத்தா பாக்கலம்மா. பத்தியாத்தான் பாத்தேன்.”

“மறுபடி அச்சடிக்கச் சொல்லுங்க. நேர்முகத்துக்கு இன்னும் நாள் இருக்கு.”

“சொன்னா ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்!”

“யாரு படிக்கப் போறா?” என்றார் மெதுவாக. “நீயா வாயத் திறந்தாத்தான் உண்டு. நெஜமாச் சொல்லு, பக்கத்துக் காலேஜ் இதழ நீ படிச்சிருக்கியா?”

நான் படித்திருக்கிறேன். அந்தப் பதில் அவருக்குப் பொருட்டே இல்லை. எழுந்து போய் ஒரு பிரதியை எடுத்து அட்டையில் இருந்த விரல் ரேகையைத் துடைத்தார். அப்போது எனக்கு வந்த வெறுப்பை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

மறுநாள் துணை முதல்வரிடமே போனேன். அவர் இதழை வாங்கி மேசையில் தலைகீழாக வைத்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணை இடுக்கினார். “நல்லாத்தானே இருக்கு?” என்றார். நான் நேராகத் திருப்பி உரக்கப் படித்துக் காட்டினேன். கதவைச் சாத்தச் சொன்னார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இது இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்றார். அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடலாமாம். அடுத்த இதழ் எப்போது என்றேன். அடுத்த ஆண்டு என்றார். உடனே அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது.

“ஆனா அப்போ நீ இங்க மாணவி இல்லையே. வெளியாளுங்க எழுதினத நம்ம இதழ்ல போட முடியாதேம்மா. விதி இருக்கே.”

கூட எழுதிய இருவரைத் தேடினேன். அவர்களும் சேர்ந்து வந்தால் கல்லூரியை அசைக்கலாம் என்று நினைத்தேன். நாணயக்காரன் தன் பக்கத்தைச் சட்டம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டிவிட்டானாம். மாட்டியவனும் படிக்கவில்லை, மாட்டியதைப் பார்த்துக் கண் கலங்கிய அவன் அப்பாவும் படிக்கவில்லை. நான் சொன்னதும் தலையைச் சொறிந்தான். அப்புறம், “கண்ணாடிக்குள்ள இருக்கு, யாருக்குத் தெரியப் போகுது, விடுங்க,” என்றான். உப்பளக்காரி, “பேரு வந்துச்சுல்ல?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஆய்விதழை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒரே ஒரு ஜீவன் என் அக்கா. ஒரு மத்தியானம் சமையலறை வாசலில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதைப் படித்துக்கொண்டிருந்தாள். தங்கை எழுதியது என்று ஆசையாக எடுத்திருக்கிறாள்.

“ஏன்டி, நம்ம மெஷின்ல ஊற வைக்கிற வசதி இருக்காமே? இத்தனை நாளா நான் வாளியிலதானே ஊற வெச்சிட்டிருந்தேன்.” அப்புறம் என்னைப் பார்த்து, “நீ பஸ்ஸப் பத்தி எழுதறேன்னுதானே மழையில நனைஞ்சுட்டு வந்த?” என்றாள்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அது அழுகையாகிவிட்டது. அக்கா என் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி அவள் அத்தானுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

நேர்முகத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். அப்புறம் ஒரு வீம்பு வந்துவிட்டது. இதழையும் எடுத்துக்கொண்டேன். என் கட்டுரையைத் தனியாக அச்சடித்து, மூலையில் பின் அடித்து, அதையும் எடுத்துக்கொண்டேன். உள்ளதை உள்ளபடி சொல்வது, நடப்பது நடக்கட்டும் என்று கிளம்பினேன்.

நீளமான அறை. மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்க விட்டிருந்தார். இதழை எடுத்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அடடா. இது ஸ்டூடண்ட்ஸ் இதழா? என்ன நேர்த்தி! இந்த நீலத்தப் பாருங்க சார்.”

இரண்டு பக்கத்திலிருந்தும் தலைகள் நீண்டன. கை மாறியது. தடவினார்கள்.

“மேடம்,” என்றேன். “உள்ள இருக்கிறது என் கட்டுரை இல்ல.”

“பேரு உங்களோடதுதானே?”

“பேரு என்னோடது.”

“தலைப்பு?”

“தலைப்பும் என்னோடதுதான். ஆனா உள்ள வாஷிங் மெஷினப் பத்தி இருக்கு மேடம். அச்சகத்துக்குத் தப்பான கோப்பு போயிருச்சு. நான் எழுதினது இது.” பின் அடித்த தாள்களை மேசையில் வைத்தேன்.

வலப்பக்கம் இருந்தவர் சிரித்தார், நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று. பேராசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்தார். இரண்டு வரி படித்திருப்பார். மூடினார். கண்ணாடியைக் கழற்றினார்.

“பிரசுரத்துக்கு மார்க் போட்டாச்சே,” என்றார் இடப்பக்கம் இருந்தவர் கவலையாக. “இப்ப அத எடுக்கணும்னா மறுபடி கூட்டம் கூட்டணும்.”

பேராசிரியை வெளியே காத்திருப்பவர்களின் வரிசையைக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். “பதிவு எண் இருக்கு. பேரு இருக்கு. விதியில அவ்வளவுதான் கேட்டிருக்கு,” என்றார். என் தாள்களை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். “இத பத்திரமா வெச்சுக்கோங்கம்மா. சேந்த பிறகு உதவும்.”

வேறு கேள்வி கேட்கவில்லை. இடம் கிடைத்துவிட்டது. சாயங்காலமே பலகையில் பெயர் ஒட்டிவிட்டார்கள். நான் ஆசைப்பட்டது எனக்குக் கிடைத்தது, சோப்புத்தூள் அளவுக்காக. உண்மையைச் சொல்லியும் அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பலகைக்கு முன்னால் நின்று நான் சந்தோஷப்பட முயற்சி செய்தேன், வரவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அத்தானிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கோத்து வைத்தேன். இரண்டு வருஷத்து ஆத்திரமும் அதில் இருந்தது.

அக்கா கதவைத் திறந்தாள். இடம் கிடைத்தது என்றதும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், அப்புறம் எனக்குச் சாப்பிட எடுத்து வைக்க உள்ளே போனாள். அத்தான் ஹாலில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அக்கா போகும்வரை காத்திருந்தார். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அட்டையப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?”

கோத்து வைத்ததை எங்கே ஆரம்பிப்பது என்று தேடினேன். “நல்லா இருக்குன்னாங்க,” என்றேன்.

“எது? மொத்தமாவா, இல்ல அந்த நீலமா?”

“நீலந்தான் அத்தான்.”

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் கோத்துவிட்டது. “இத்தனை வருஷ வேலையில நான் செஞ்சத ஒருத்தரும் நல்லா இருக்குன்னு சொன்னதில்லம்மா,” என்றார். நான் வெறுக்க வேண்டிய மனிதர் என் எதிரிலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் செய்ததை யாராவது பார்க்க வேண்டும் என்று ஏங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

அத்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தெளிந்த முகத்தோடு, ஏதோ அப்போதுதான் தோன்றியது போல, என்னைப் பார்த்தார்.

“ஆமா, உன் கட்டுரை எதப் பத்தி?”

அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அவர்தான் முதல் ஆள். சொன்னேன். விடியற்காலையில் அந்தப் பெண்கள் நிற்பதை, பேருந்து வராததை, மேஸ்திரி கதவைச் சாத்துவதை, என் அட்டவணையில் இருந்ததை எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நான் முடித்ததும் அவர் முகத்தில் வந்தது உண்மையான வருத்தம். அதில் நடிப்பே இல்லை.

“அடப்பாவமே, இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நீலத்துக்குப் பதிலா அட்டைக்கு சிவப்பு வெச்சிருப்பேனே. பஸ்ஸு சிவப்புதானே?”

எங்கள் ஊர்ப் பேருந்து பச்சை நிறம். அதில்தான் அவர் தினமும் கல்லூரிக்குப் போய் வருகிறார்.